ஆமை புகுந்த தீவு!

மொரீஷியஸ் போய் வருபவர்கள் கடற்கரையைப் பற்றிச் சொல்வார்கள், கோயில்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் நம் தமிழ் எழுத்து இருப்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். ஆமைத் தீவைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் நம் வாசகியருக்கு இந்தக் கடிதம்.

தென்கிழக்குக் கரையில் மாஹேபூர் என்ற ஊர். அதன் பக்கத்தில் படகு ஏறினால் பத்தே நிமிடத்தில் 'ஈல் ஓ எக்ரெத்' தீவு. மொத்தமே 26 ஹெக்டேர், அதாவது சுமார் 65 ஏக்கர்தான். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பாதையோரம் ஆமைகள் இலை தின்றுகொண்டு நிற்கின்றன. அடேயப்பா, என்ன உருவம்! நன்றாக வளர்ந்த ஆண் ஆமை 250 கிலோ வரைகூட இருக்குமாம். பத்து 25 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு!

ஆனால் இவை அந்த மண்ணின் ஆமைகள் இல்லை. மொரீஷியஸுக்கென்றே இருந்த ராட்சத ஆமைகளைக் கப்பல்காரர்கள் இறைச்சிக்காக உயிரோடு ஏற்றிப் போயே தீர்த்துவிட்டார்கள். தீனி இல்லாமலும் பல நாள் உயிரோடு இருக்கும் குணமே அவற்றுக்கு எமனாகி விட்டது. மனிதர்கள் கொண்டுவந்த எலியும் பன்றியும் முட்டைகளையும் குஞ்சுகளையும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அல்டாப்ரா தீவு ஆமைகளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் 1874இல் மொரீஷியஸ் கவர்னருக்கு எழுதினார்கள். அந்த அல்டாப்ரா இனத்தைத்தான் 2000ஆம் ஆண்டில் இந்தத் தீவில் குடியேற்றினார்கள்.

எதற்குத் தெரியுமா? கருங்காலி மரத்துக்காக! விறகுக்கு வெட்டியே தீவின் காடு பாழாகியிருந்தது. கருங்காலிப் பழம் கனமானது. தின்ன ஆமை இல்லாததால் தாய் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. இப்போது ஆமை பழத்தைத் தின்று, நடந்து போய், வேறு இடத்தில் விதையைப் போடுகிறது. ஆமை வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் 2011இல் எழுதியிருக்கிறார்கள்.

என் கணவர் சிரித்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க நம்ம ஊர்ல. இங்க கூட்டிட்டு வந்து குடி வெச்சிருக்காங்களே!" என்றார்.

"ஆமை புகுந்து காடு உருப்பட்டிருக்குங்க. மனுஷங்க புகுந்துதான் கெட்டுது" என்றேன்.

மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் ஆட்கள் அந்நியச் செடிகளைப் பிடுங்கி, நாற்று வளர்த்து நடுகிறார்கள். இளஞ்சிவப்புப் புறா என்று ஓர் இனம். 1990 வாக்கில் காட்டில் சுமார் பத்துதான் மிச்சம். இன்று சில நூறு. நமக்குத்தான் தெரியுமே, களை எடுப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஒருநாள் வேலையா?

இவ்வளவு பாடுபட்ட இடத்துக்கு 2020இல் பெரிய சோதனை வந்தது. ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்ற கப்பல் பவளப் பாறையில் தட்டி நின்றது. ஆகஸ்டில் ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கசிந்து தீவை நோக்கி வந்தது. தீவின் நாற்றுகளை அவசரமாகக் கரைக்குக் கொண்டு போனார்கள். ஊர் மக்கள் துணிக்குள் கரும்புச் சோகையை அடைத்து, நீளநீளமாகத் தைத்து, எண்ணெயைத் தடுக்கக் கடலில் மிதக்க விட்டார்கள். தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டுப் பலர் முடியை வெட்டிக் கொடுத்தார்கள். நாம் நேர்த்திக்கடனுக்குத்தான் முடி கொடுப்போம். அவர்கள் கடலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்! படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மொரீஷியஸ் போகும் வாய்ப்பு கிடைக்கும் சகோதரிகள், ஷாப்பிங்கில் அரை நாளைக் குறைத்துக்கொண்டு இங்கே போய் வாருங்கள். நாம் கொடுக்கும் கட்டணம் இந்த வேலைக்குத்தான் போகிறது. குழந்தைகளையும் அவசியம் அழைத்துப் போங்கள்.

- ஒரு வாசகி