'கேஷ்': பெட்டியா, காசா?

வங்கிக்குள் நுழைந்தவுடன் நம் கண்ணில் படும் சொற்களுள் ஒன்று 'கேஷ்'. ரொக்கத்தைக் குறிக்கும் இவ்வாங்கிலச் சொல், நம் 'காசு' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். ஒலி ஒற்றுமை அவ்வாறு எண்ணத் தூண்டுவது இயல்பே. உண்மையோ இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது ஒரு சொல் அன்று. ஒரே வடிவம் கொண்ட இரு சொற்கள்.

முதலாவது, இன்று நாம் வழங்கும் ரொக்கம். இலத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. வணிகரின் பணப்பெட்டியைக் குறித்த அச்சொல், நாளடைவில் பெட்டியிலுள்ள பணத்துக்கே பெயராயிற்று. நம் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும். அவ்வகையில் 'கேஷியர்' என்பவர் பெட்டியைக் காப்பவர்.

இரண்டாவதே நம் காசு. கடல்வழி வந்த போர்த்துக்கீசியர் நாவில் அது 'காய்ஷா' ஆகி, அவர்கள் வழியே ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. போர்த்துக்கீசியத்தில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்பதே பெயர்! சிறு மதிப்புடைய நாணயத்தைக் குறித்த இச்சொல்லை, நடுவில் துளையிட்ட சீன நாணயங்களுக்கும் ஆங்கிலேயர் வழங்கினர். சென்னை மாகாணத்தில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1803இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அச்சிடப்பட்ட 20 கேஷ் செப்பு நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளரிடம் உள்ளன. 1818இல் இம்மாகாணத்தில் ரூபாய் நிலைபெற, அக்கணக்கு மறைந்தது. திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம் என்னும் வழக்கு 1949 வரை நீடித்தது.

ஆகவே, ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசின் வழித்தோன்றல் அன்று. இதனால் காசின் பெருமை குறைந்துவிடவில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் காணுங்கள். கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு, ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது; காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு வட்டி. வைப்பு, வட்டி, அதற்கு எழுத்துச் சான்று ஆகிய மூன்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்குக் காசின் பெயரால் நடந்தேறியுள்ளன. அடுத்த முறை பணம் செலுத்த வரிசையில் நிற்கையில், முகப்பிலுள்ள அச்சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள்.