எண்ணெய் தேய்க்கக் கூடாத வீக்கம்

தை பிறந்தால் கொல்லிமலையில் மிளகுக் காலம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியை எட்ட ஏணியில் ஏறுபவர் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் நீட்டி மணிக்கணக்கில் சரம் கிள்ளுகிறார். பிறகு மூட்டையும் தோளில் ஏறும். அப்படி உழைத்த கை மறுநாள் வீங்கினால், ஊரில் சொல்லும் முதல் காரணம் சுளுக்கு. அடுத்து வருவது எண்ணெய்க் கிண்ணம்.

பெரும்பாலும் அது சுளுக்குதான். ஆனால் கை முழுவதும் வீங்கி, நீலம் பாரித்து, தோளிலும் மார்பிலும் அதுவரை தெரியாத ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகள், தமனி, கையிலிருந்து திரும்பும் சிரை எல்லாம் அதன் வழியேதான் போயாக வேண்டும். கையைத் தூக்கும்போது சந்து இன்னும் நெருங்குகிறது. அங்கே ஏற்படும் நசுக்கலுக்குத்தான் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நசுங்குவது நரம்பு, விரல் மரத்துப்போகும். சிரை நசுங்குவது 3 முதல் 5 விழுக்காட்டினருக்கு, தமனி நசுங்குவது சுமார் 1 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அரிது என்பதாலேயே அடிக்கடி தவறவிடப்படுகிறது.

சிரை திரும்பத் திரும்ப நசுங்கினால் உட்சுவர் தடித்து, ஒருநாள் ரத்தம் அங்கேயே உறைகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்த ஜேம்ஸ் பேஜட், ஷ்ரோட்டர் என்ற இரு மருத்துவர்களின் பெயரே இந்த நோய்க்கு. உழைப்பாளிகள், நீச்சல்காரர்கள், பந்து எறிபவர்கள் என நல்ல திடகாத்திரமான இளவயதினரைத்தான் இது தேடி வருகிறது. இந்தக் கையை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

தமனி நசுங்கினால் கதை வேறு. பலருக்கு அதன் பின்னணியில் பிறவியிலேயே கழுத்தில் அமைந்த ஒரு கூடுதல் விலா எலும்பு இருக்கும். கை சீக்கிரம் அசந்துபோகும். விரல்கள் வெளிறிச் சில்லிடும்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜே. ஆர். ரிச்சர்டுக்கு நடந்தது இதுதான். 1980இல் கை செத்துப்போனதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோம்பேறி, நடிக்கிறான் என்று பேசினார்கள். ஜூலை 30 அன்று பயிற்சியில், ரத்தக்கட்டியால் பக்கவாதம் தாக்கிச் சரிந்தார். அப்போது அவருக்கு வயது 30. அதன்பின் பெரிய லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவரால் பந்து எறிய முடியவில்லை. பெரும் சம்பளம் வாங்கிய வீரரையே நம்பவில்லை என்றால், கூலிக்குப் போகிறவர் 'கை ஓயுது' என்றால் யார் காதில் விழும்?

சிகிச்சையில் நாள் கணக்கு முக்கியம். டாப்ளர் ஸ்கேனில் அடைப்பு தெரிந்தால் உறைவுத்தடுப்பு மருந்து உடனே தொடங்கப்படும். தேவைப்பட்டால் குழாய் செலுத்திக் கட்டியைக் கரைப்பார்கள். முதல் 2 வாரத்துக்குள் என்றால் பலன் அதிகம். அதோடு முடியாது. நசுக்கும் எலும்பு அங்கேயே இருப்பதால் பலருக்கு முதல் விலா எலும்பை எடுத்துவிடுகிறார்கள். எலும்பை விட்டுவிட்டு ஸ்டென்ட் மட்டும் வைத்தால், அதுவும் நசுங்கி உடைய வாய்ப்புண்டு.

கொல்லிமலைக்காரருக்கு அந்த ஸ்கேனுக்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது ஓரளவு ஆறுதல். ரத்தநாள அறுவைக்கான தனித்துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது.

மலைக்குத் திரும்பிய பிறகும் சில மாதம் உறைவுத்தடுப்பு மாத்திரை தொடரும். வார்ஃபரின் என்றால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். கீரையை நிறுத்த வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். அரிவாள் வெட்டு சிறிதானாலும் ரத்தம் நிற்கத் தாமதமாகும். கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடக் கூடாது. தோளுக்கான பயிற்சிகளைச் செய்து, மருத்துவர் சொன்ன பிறகே ஏணி.

ஒரு கை மட்டும் திடீரென வீங்கி நிறம் மாறினாலோ, விரல்கள் வெளிறிச் சில்லிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், கையை எவ்வளவு நேரம் தூக்கியிருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.