பழைய சாகாவும் பளபளக்கும் சாயமும்

தோட்டங்களுக்குப் போனால் நம்மிடம் சம்பளம், வீடு, சேமநிதி என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. சென்ற ஆண்டு நிபோங் திபால் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி நம்மைத் தனியாக அழைத்துக் கேட்ட கேள்வி வேறு மாதிரி.

"அண்ணே, அப்பாவோட பழைய சாகா வீட்டுல நிக்குது. பழைய இரும்புக்காரன் வெல கேட்டுட்டுப் போயிட்டான். வித்துடவா, இல்ல செஞ்சு ஓட்டவா?"

சங்கக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். தோட்டத்தை விற்று ஆட்களை நிறுத்தியபோது, 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு நட்டஈட்டு விதிப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு, நமக்கு முன்னிருந்த தோழர்கள் வாங்கிக் கொடுத்த பணம் அது. தம்பியின் அப்பா பால் வெட்டியவர். வந்த தொகையில் பெரும்பகுதி மலிவு வீட்டு முன்பணத்துக்குப் போயிற்று. மிச்சத்தில் வாங்கியதுதான் கிராணியார் ஒருவர் ஓட்டிவந்த 1986-ஆம் வருடத்து சாகா. இருபத்திரண்டு வருட உழைப்பில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சிய பொருள் அது ஒன்றுதான்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி வெளிவந்தது. மிட்சுபிஷி லான்சர் பியோரேயை அடிப்படையாகக் கொண்ட கார். முதலில் வந்தது 1300 சி.சி. இஞ்சின். மரத்தடியில் நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிற சிவப்பு மஞ்சாடி விதைக்கு மலாயில் சாகா என்று பெயர். அந்தப் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். தொழிற்சாலை எழும்பிய ஷா ஆலாம், முன்பு சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற பகுதி. தோட்டம் போய்த்தான் கார் வந்தது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதே 1985-இல் பினாங்குப் பாலமும் திறந்தது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தைப் பிரதமர் மகாதீர் ஒரு சிவப்பு சாகாவில்தான் கடந்து போனார். அதுவரை தீவுக்குக் கார் போக ஃபெர்ரியை விட்டால் வழியில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ்: 2021-இலிருந்து ஃபெர்ரி காரை ஏற்றுவதே இல்லை.

தம்பிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஆயர் ஈத்தாமில் வாடகை அறை. புதுக்கார் வாங்கலாமே என்று கேட்டோம். "ஒம்பது வருசக் கடன் அண்ணே" என்றான். ஒன்பது வருடம் என்றால் 108 மாதம். 108 என்பது அர்ச்சனைக்கு நல்ல எண். 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை நம்பி இருப்பவனுக்கு அவ்வளவு நல்லதல்ல. 1300 சி.சி. சாகாவுக்கு ரோட் டெக்ஸ் வருடத்துக்கு 70 வெள்ளிதான். ஆகவே செய்தே ஓட்டலாம் என்று முடிவாயிற்று.

ஆனால் தம்பி ஏற்கெனவே ஒரு தவறு செய்திருந்தான். நம்மிடம் கேட்பதற்கு ஓராண்டு முன்பே பெருநிலத்தில் ஒரு கடையில் காரைக் கொடுத்து வெள்ளைச் சாயம் அடித்து வாங்கியிருந்தான். கடையின் பெயர் வேண்டாம். இரண்டு வாரத்தில் கார் கல்யாண மாப்பிள்ளை போல் வந்து நின்றதாம். நான்காவது மாதம் கதவடியிலும் சக்கர வளைவிலும் சாயம் கொப்பளித்தது. இதை நாம் ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்; பதினாறு வயதில் பட்டணத்துக்கு வந்து ஸ்பேனர் பிடித்தவர். பையன்கள் அவரைப் பட்டறை மாமா என்பார்கள்.

மாமா இஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. உள்ளே போய், ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். காரின் ஓரமெல்லாம் வைத்துப் பார்த்தார். கூரையில் ஒட்டியது, கதவின் மேல்பாதியில் ஒட்டியது. கதவடியில் வைத்ததும் பொத்தென்று விழுந்தது. "இரும்பு இல்ல தம்பி, வெறும் புட்டி" என்றார். சுரண்டியபோது புட்டிக்குள்ளிருந்து பழைய செய்தித்தாள் சுருட்டல் வந்தது. அதில் நம் பத்திரிகையின் பக்கம் ஏதும் இல்லை என்பதில் நமக்குக் கொஞ்சம் நிம்மதி.

தம்பியின் அப்பா அன்று கூட வந்திருந்தார். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர், "பட்டையில புண்ணு வந்தா சொரண்டிட்டுத்தானே மருந்து பூசுவோம். புண்ணு மேலயே பூசினா மரம் என்னாத்துக்கு ஆகும்?" என்றார். மாமா அவரைப் பார்த்து, "ஐயா, நீங்க இங்க வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. சீட்டைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கினால் ஓட்டுபவர் காலடியில் தரை தெரிந்தது. காரின் தரை அல்ல, பட்டறையின் தரை! கண்ணாடி ஓரத்து ரப்பர் காய்ந்து, மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பளத்தடியில் தேங்கியதால் வந்த வினை. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். இஞ்சினை மாற்றலாம், தரை போனால் வெட்டி ஒட்ட வேண்டும். வெல்டிங் வைப்பதற்குமுன் மாமா பேட்டரியைக் கழற்றினார். பின்பக்கம் வேலை வந்தபோது பெட்ரோல் தொட்டியையே இறக்கிவிட்டார். அவசரக்காரக் கடைகளில் இதைச் செய்வதில்லை.

நம்மை உலுக்கியது பிரேக்தான். சாகாவுக்கு முன்சக்கரம் தட்டு பிரேக், பின்சக்கரம் டிரம். பின்னால் போகும் எண்ணெய்க் குழாய் காரின் அடியில் ஓடுகிறது. மாமா அதை விரலால் அழுத்தினார். துருப்பொடி உதிர்ந்து எண்ணெய் கசிந்தது. தம்பி முகம் செத்துவிட்டது. முந்தின ஞாயிறுதான் அக்காள் பிள்ளைகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, தெலுக் பகாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகிற மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்கியிருக்கிறான். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

2009-இல், 15 ஆண்டுக்கு மேலான கார்களை ரோட் டெக்ஸ் புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பழைய கார் வைத்திருப்பவன் ஏழைதானே என்று எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் கைவிட்டது. அன்றைக்கு நாமும் எதிர்த்துப் பேசியவர்கள்தான். அந்தக் குழாயைப் பார்த்த பிறகு அவ்வளவு உரக்கப் பேச வாய் வரவில்லை. கட்டணமில்லாத சோதனையும் பழுது பார்க்கக் கொஞ்சம் உதவியும் கேட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. தண்டனையாக வந்ததால்தான் எல்லோரும் விரட்டினோம்.

டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் சுத்தம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. சாகா இஞ்சின் எளிமையானது. இஸ்வாரா என்ற பெயரில் அதே உடல் பல வருடம் தொடர்ந்து வந்ததால் சாமான் இன்னும் கிடைக்கிறது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் ஒரு பழைய பிறைச் சின்னம் தம்பிக்குக் கிடைத்தது; பதினான்கு முனை நட்சத்திரம் போட்டது. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் சண்டை. தம்பிக்குக் காரைக் கீழே இறக்கி, முன்முகத்தை லான்சர் மாதிரி மாற்றி, பெரிய இஞ்சின் போட ஆசை. நண்பர்கள் ஏற்றிவிட்டிருந்தார்கள். மாமா கோபிக்கவில்லை. "இஞ்சினை மாத்துனா ஜே.பி.ஜே. அனுமதி வேணும், சோதனை வேணும், கிராண்டுல நம்பர் மாறணும். இல்லேன்னா அடிபடும்போது இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். சுருளை கேஸ்ல வெட்டி எறக்குனா சூடு பட்ட கம்பி ஒருநாள் ஒடியும்" என்றார். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுவதற்கும் கணக்கு உண்டு: 2019 விதிப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடும், முன்கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடும் வெளிச்சம் புக வேண்டும்.

பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மூஞ்சிய மட்டும் மாத்தாதடா. நான் வாங்கும்போது இருந்த மூஞ்சி." அதோடு லான்சர் போயிற்று. சீட்டுத் துணியும் சக்கர ரிம்மும் தம்பி இஷ்டம் என்று முடிவானது. சிவப்புத் தையல் போட்ட கறுப்புத் துணி; நமக்குப் பிடிக்கவில்லை, ஓட்டப்போவது நாம் இல்லையே. குஷன் தைத்தவர் முன்பு பட்டணத்து நடுவில் கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தவர். 2000-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கட்டடங்கள் அழகாயின, வாடகை ஏறியது, கைத்தொழில்காரர்கள் பலர் வெளியே போனார்கள். இவர் இப்போது வீட்டுத் தாழ்வாரத்தில் தைக்கிறார்.

சாயம் கடைசியில் வந்தது. அதே வெள்ளை, நிறம் மாற்றினால் ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும், அந்த வேலையும் இல்லை. மாமாவிடம் நமக்கு ஒரு குறை உண்டு. கடினப்படுத்தும் மருந்து கலந்த சாயத்தை அவருடைய பையன் வாயில் துணி மட்டும் கட்டிக்கொண்டு அடித்தான். அந்த மருந்தில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலில் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி அதைத் தடுக்காது. பழைய பிரேக் கட்டைத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதையும் காற்றடித்து ஊதினார்கள். நம் தாய்மார்கள் இப்படித்தான் துணியைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் அடித்தார்கள். அந்த விஷத்தை நாட்டில் தடை செய்ய 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கேயே நின்று சொன்னோம். மறுவாரம் சரியான வடிகட்டி முகமூடி இரண்டு வாங்கிக் கொடுத்தோம். ஒன்று ஆணியில் தொங்குகிறது; மற்றொன்றைப் பையன் போடுகிறான் என்று மாமா சொல்கிறார். அடுத்த தடவை சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

வேலை ஆரம்பித்து முடியப் பத்து மாதம். செலவு, தம்பியின் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. துண்டு துண்டாகக் கொடுத்தான், கடன் இல்லை. முதல் ஓட்டம் பாலத்தின் வழியாக நிபோங் திபாலுக்கு. பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக வேகமானியையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

ஒரு வேலை பாக்கி. இடது பின்கதவு உள்ளிருந்து திறப்பதில்லை. பூட்டின் உள்பாகம் தேய்ந்துவிட்டது. இரண்டு பழைய இரும்புக் கடையில் தேடியும் நல்லதாக அகப்படவில்லை. வாசகர்கள் யாருடைய கொட்டகையிலாவது பழைய சாகாவின் கதவு கிடந்தால், இந்தப் பகுதிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். விலை பேசிக்கொள்ளலாம்.