நிறம் நீங்கியது, உப்பு நீங்கவில்லை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, அணைகளிலும் ஏரிகளிலும் தங்கி, எஞ்சியது வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டைக் கடலைச் சேர்கிறது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். இவை ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறுகள் அல்ல. இத்தகைய ஆற்றின் கரையில் சாயப்பட்டறைகளும் அவற்றுக்கெனக் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமையுமானால் கீழுள்ள வயல்களுக்கு என்ன நேரும்? விடை காண நாம் நொய்யல் கரைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

நொய்யலும் மழையை நம்பிய மலையாறே. வெள்ளியங்கிரியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியபோது, பட்டறைகள் பல ஒன்றுசேர்ந்து 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவின. கழிவு நீரில் சுண்ணாம்பையும் அன்னபேதியையும் இட்டுக் கலக்கினால் சாயம் திரண்டு சேறாக அடியிற் படியும். தெளிந்த நீர் ஆற்றில் விடப்படும். கண்ணுக்கு அது நல்ல நீராகவே தோன்றியது.

ஆயின் அதில் உப்பு இருந்தது. நீரில் நனைந்த பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலில் ஏற்றுவது உப்பின் வேலை. அடர்ந்த நிறங்களுக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை இடுவதுண்டு. வேலை முடிந்ததும் அந்த உப்பு நூலில் தங்குவதில்லை. அலசும் நீரோடு வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பு அதனைப் படியவைக்காது. நுண்ணுயிர்களும் அதனை உண்ணா. சமையல் உப்புத்தானே என்பாரும் உளர். கடலில் இருப்பதும் அதுவே. கடல்நீர் பாய்ச்சி நெல் விளைவித்தவரை நாம் கண்டதில்லை.

நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கென எழுப்பப்பட்டது. நாளடைவில் அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகளும் உவர்த்தன. வழக்கு நீதிமன்றம் சென்றது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாதென்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. உச்சநீதிமன்றம் 2009இல் அதனை உறுதி செய்தது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவாயிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பிய தொழிலாளர் வேலையிழந்தனர். சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் உழவர், தொழிலாளர் ஆகிய இரு சாராரும் நஷ்டமடைந்தனர் என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது.

பின்னர் நிலையங்கள் புதுமுறையில் இயங்கத் தொடங்கின. நீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிப்பர். எஞ்சிய உவர்நீரை ஆவியாக்குவர். நீரும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே செல்லும். இதற்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். தனிப்பட்ட சிறு பட்டறை தாங்கக்கூடிய செலவன்று.

நம் வட்டாரத்திற்கு இதில் ஒரு விசேஷக் கவலை உண்டு. மண்ணின் உப்பை அளக்கும் மின்கடத்துத்திறன் 7.7 அலகு வரை பருத்தி விளைச்சல் குறைவதில்லை. கரும்புக்கு அவ்வெல்லை 1.7 மட்டுமே. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை உடைய நாம் இக்கணக்கை மறத்தற்கில்லை. மேலும் உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுமானத்தைக் குலைக்க, பாய்ச்சிய நீர் உள்ளிறங்காது மேலேயே நிற்கும். ஜிப்சம் இட்டு நல்ல நீரால் கழுவினால் நிலம் திருந்தும். அந்த நல்ல நீருக்கு மேலே உள்ள ஆறு நன்றாயிருக்க வேண்டும்.

ஆகவே சாயப்பட்டறைத் திட்டம் எதுவும் சங்கத்தின் முன் வரும்போது, உப்பு எங்கே போகும், படிந்த சேற்றை எங்கே வைப்பீர், நிலையம் மூடப்பட்டால் அச்சேற்றை அகற்றும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அங்கத்தினரின் உரிமையாகும். பட்டறை தொடங்கும் முன்பே கீழ்ப்புறக் கிணறுகளின் நீரை வேளாண்மைத் துறைப் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, முடிவைச் சங்கக் குறிப்பேட்டில் பதிந்து வைத்தால், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.