ஆமையும் கொக்கும்: நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு ஜப்பான் கதை



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றே நம் மடலின் பக்கங்கள் பெரும்பாலும் நிறைந்துவிடுகின்றன. இந்த மாதம் கொஞ்சம் வேறு விஷயம் பேசுவோம். நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, அவர்களோடு உட்கார்ந்து கையால் ஒரு பொருள் செய்வது பற்றி. அதிலும் ஜப்பான் நாட்டுக் கதை!

"ஜப்பானுக்கும் ஏர்வாடிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. முதலில் நாங்கள் இதை ஏன் ஆரம்பித்தோம் என்று சொல்லிவிடுகிறோம்.

திட்டினோம், கேட்கவில்லை

ஒரு நாள் சாயங்காலம் குழுக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்று கூச்சல் போட்டார்கள். நடுவில் ஒரு பெண். வெளியூரிலிருந்து தர்காவுக்குக் கூட்டி வரப்பட்டவர். மனநலம் சரியில்லாதவர். தலைமுடி கலைந்து, தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு பையன் சின்னக் கல்லை எடுத்து அவர் காலடியில் எறிந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்களுக்குக் கோபம் வந்தது. சத்தம் போட்டோம். பிள்ளைகள் ஓடிப்போய்விட்டார்கள். மறுநாளும் அதே இடம், அதே கூச்சல்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "நாங்களும் அடிச்சுப் பார்த்துட்டோம். எங்க பேச்சை யாரு கேக்குறா? படிச்ச நீங்க சொன்னாலே கேக்கல." இன்னொரு லாத்தா, "பிள்ளைங்க மேல என்ன தப்பு? தினமும் பார்க்கிறதுதானே, அவங்களுக்கு அது வேடிக்கையாப் போச்சு" என்றார். அது உண்மைதான். தினமும் பார்க்கும் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் காட்ட வேண்டும். திட்டினால் அது நடக்காது. கதை சொன்னால் நடக்கலாம் என்று நினைத்தோம்.

முதல் கதை: ஆமையைக் காப்பாற்றியவர்

ஜப்பானும் நம்மைப் போலக் கடலை நம்பி வாழும் நாடு. அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒரு கதை 'உராஷிமா தாரோ'. உராஷிமா ஒரு மீனவர். ஒரு நாள் கடற்கரையில் சில பிள்ளைகள் ஓர் ஆமையைச் சுற்றி நின்று குச்சியால் அடித்து விளையாடுவதைப் பார்க்கிறார். அவர்களை விலக்கிவிட்டு ஆமையைக் கடலில் விடுகிறார்.

பிறகு அந்த ஆமை வந்து, தன் முதுகில் அவரை ஏற்றிக்கொண்டு கடலுக்கு அடியில் உள்ள அரண்மனைக்குப் போகிறது. அங்கே ஓர் இளவரசி. விருந்து, பாட்டு, சந்தோஷம். ஆனாலும் அவருக்கு வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. புறப்படும்போது இளவரசி ஒரு பெட்டியைக் கொடுத்து, "இதை மட்டும் திறக்காதீங்க" என்கிறாள். ஊருக்கு வந்தால் ஒரு முகமும் தெரியவில்லை. முந்நூறு வருடம் ஓடிவிட்டது! துக்கம் தாங்காமல் பெட்டியைத் திறக்கிறார். உள்ளிருந்து புகை கிளம்புகிறது. அந்த நிமிடமே அவர் தள்ளாத கிழவர் ஆகிவிடுகிறார்.

இது மிகப் பழைய கதை. கி.பி. 720-இல் எழுதி முடிக்கப்பட்ட ஜப்பானிய வரலாற்று நூலிலேயே இதன் மூல வடிவம் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வடிவத்தில் பிள்ளைகள் ஆமையை அடிக்கும் காட்சி கிடையாது. அது பிற்காலத்தில் சேர்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எது தேவையோ அதைச் சேர்த்திருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். கதை யாருடைய சொத்தும் இல்லை.

நம் கடலுக்கும் ஆமை புதிதல்ல. பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை எல்லாம் மன்னார் வளைகுடாவில் உள்ளவைதான். நமக்கு எதிரே உள்ளவை உட்பட 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடலாமையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வலையில் ஆமை சிக்கினால் அதை அறுத்து விட்டுவிட்டு வந்த அப்பாக்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கதை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாங்கள் இந்தக் கதையைச் சொன்ன அன்று, தெருவில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதை முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "அந்த ஆமை ஏன் திருப்பிக் கடிக்கல?" இன்னொரு பிள்ளை சொன்னது: "அது பாவம். அதுக்கு அங்க யாருமே இல்லல்ல." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கல் எறிந்த பையன் தலையைக் குனிந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். நாங்கள் அவனை எதுவும் கேட்கவில்லை.

ரெண்டாவது கதை: கண்ணியில் மாட்டிய கொக்கு

பனிக்காலம். ஏழைக் கிழவர் ஒருவர் விறகு விற்கப் போகிறார். வழியில் ஒரு கொக்கு, கால் கண்ணியில் மாட்டித் துடிக்கிறது. கண்ணியை அவிழ்த்து விடுகிறார். அன்று இரவு அவர் வீட்டுக் கதவை ஒரு சின்னப் பெண் தட்டுகிறாள். பிள்ளை இல்லாத அந்தக் கிழவனும் கிழவியும் அவளை மகளாக வைத்துக்கொள்கிறார்கள். அவள், "நான் தறியில் நெய்யும்போது மட்டும் யாரும் பார்க்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் நெய்த துணி நல்ல விலைக்குப் போகிறது. மறுபடி நெய்கிறாள். ஆனால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகிறாள்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே பெண் இல்லை! அந்தக் கொக்கு உட்கார்ந்து, தன் இறகையே ஒவ்வொன்றாகப் பிடுங்கி நெய்துகொண்டிருக்கிறது. பார்த்துவிட்டதால் அது பறந்து போய்விடுகிறது.

இந்தக் கதையைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் பேசினார்கள். "நம்ம கதையும் அதுதானே? நாம எதைப் பிடுங்கி வீட்டை ஓட்டுறோம்னு கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியுது?" என்றார் ஒரு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொல்லலாம்

ஜப்பானில் 1930 வாக்கில் தெருவில் கதை சொல்கிறவர்கள் இருந்தார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. தெருமுனையில் நிறுத்தி, ரெண்டு மரக்கட்டையைத் தட்டுவார்கள். பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் மிட்டாய் வியாபாரம். பிறகு பெட்டிக்குள் பட அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டிக் கதை சொல்வார்கள். இதற்கு 'காமிஷிபாய்' என்று பெயர். காகித நாடகம் என்று அர்த்தம். பொம்மை கைதட்ட வரும் நம் சவ்வுமிட்டாய்காரர் கதையும் சொன்னால் எப்படி இருக்கும், அதுபோலத்தான். தொலைக்காட்சி வந்த பிறகு அங்கே தெருவில் இது குறைந்துபோனது.

இதை நாம் வீட்டிலேயே செய்யலாம்:

1. பழைய காலண்டர் அட்டை அல்லது சேலைப் பெட்டி அட்டையை ஒரே அளவில் எட்டுத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

2. ஒரு காட்சிக்கு ஒரு படம். பிள்ளைகளே வரையட்டும். ஆமை உருண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

3. அட்டைகளை வரிசையாக அடுக்கிக் கையில் பிடியுங்கள். முதல் படம் பிள்ளைகள் பக்கம் இருக்கும்போது உங்கள் பக்கம் தெரிவது கடைசி அட்டையின் முதுகு. அதனால் முதல் படத்துக்கான கதையைக் கடைசி அட்டையின் முதுகில் எழுத வேண்டும். முதல் படம் முடிந்ததும் அதை எடுத்துக் கடைசியில் வையுங்கள். இப்போது உங்கள் பக்கம் தெரிவது அதன் முதுகுதான். ரெண்டாவது படத்தின் கதை அங்கே இருக்க வேண்டும். இப்படியே போகும்.

4. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு சின்ன அடையாளம் போட்டுக்கொண்டால் போதும். கதைதான் மனதில் இருக்கிறதே!

"எனக்கு எழுத்து தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித் தரப்போறேன்" என்று எத்தனை பேர் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்! எழுத்து தெரியாத பாட்டிகள் சொல்லிச் சொல்லித்தான் ஜப்பானிலும் இந்தக் கதைகள் பிழைத்து வந்தன.

கைக்கும் வேலை கொடுப்போம்

கதை கேட்ட பிள்ளைக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். ஜப்பானியர்கள் கத்தரியும் பசையும் இல்லாமல் தாளை மடித்தே உருவம் செய்வார்கள். அதற்கு 'ஓரிகாமி' என்று பெயர். மழைத் தண்ணீரில் தாள் கப்பல் விட்ட நமக்கு இது கஷ்டமே இல்லை.

முதலில் சதுரத் தாள் வேண்டும். நோட்டுத் தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து முக்கோணமாக மடித்து, மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கிழித்தால் சதுரம் வந்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாய் முகம்: சதுரத்தை மூலைக்கு மூலை மடியுங்கள். நீளப் பக்கம் மேலே, கூர்முனை கீழே இருக்கட்டும். மேலே உள்ள ரெண்டு ஓர மூலைகளையும் சாய்வாகக் கீழே மடித்தால் காது. கீழ்முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு. கண் வரைந்தால் நாய் தயார்.

பெரிய பிள்ளைகளுக்குக் கொக்கு. மடிப்புகள் அதிகம். கைபேசியில் பார்த்து யாராவது ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குச் சொல்லித் தந்துவிடும்.

நாங்கள் தாள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "இது என்ன பெரிய வித்தை?" என்று சொல்லிவிட்டு, குருத்தோலையை எடுத்துக் காத்தாடியும் கிலுகிலுப்பையும் செய்து காட்டினார். பிள்ளைகள் தாளை விட்டுவிட்டு அவர் பக்கம் போய்விட்டார்கள்! பனை நிறைந்த மாவட்டம் நம்முடையது. ஓலைப்பெட்டியும் கொட்டானும் முடைந்த கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. ஜப்பான் தாள் வந்துதான் அந்தப் பாட்டியைக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமும்தான்.

ஆகஸ்டு 6: ரெண்டு ஊர், ஒரே தேதி

இப்போது சம்பந்தத்துக்கு வருகிறோம்.

1945 ஆகஸ்டு 6 அன்று ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்தின் மேல் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. அப்போது சடாகோ சசாகி என்ற குழந்தைக்கு ரெண்டு வயது. அன்று பிழைத்துக்கொண்டாள். ஆனால் கதிர்வீச்சின் பாதிப்பால் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, மருந்து சுற்றி வந்த தாளில்கூட அவள் கொக்கு மடித்தாள். 1955 அக்டோபரில், 12 வயதில் இறந்துபோனாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு சேர்த்தார்கள். 1958-இல் ஹிரோஷிமாவில் சிலை எழுந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே ஆகஸ்டு 6. ஆண்டு 2001. நம் ஏர்வாடி. அதிகாலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கண்ணியில் மாட்டிய அந்தக் கொக்கை நினைத்துப் பாருங்கள். இவர்களின் கண்ணியை அவிழ்க்க அந்த நேரம் யாரும் வரவில்லை.

அதே மாதத்தில் இங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன்படி மனநோய் உள்ள யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. மனநோய் ஒரு நோய்தான். வேண்டுதலும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். யாருக்காவது ஆலோசனை வேண்டும் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

எங்கள் பிள்ளைகள் ஓர் ஆகஸ்டு 6 அன்று 28 கொக்கு மடித்தார்கள். ஓலைக் குருத்தில் கோத்துத் தொங்கவிட்டார்கள். தீயைப் பற்றிப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், பயமுறுத்தாமல், சுருக்கமாகச் சொன்னோம். சின்னவர்களுக்கு ஆமைக் கதையே போதும்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கூச்சல் இன்னும் சில நாள் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நாள், சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஒரு பையன், "டேய், ஆமைடா… விடுங்கடா" என்று சொன்னதைக் காதால் கேட்டோம். அன்று கல் எறிந்தவனேதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

* உங்கள் பாட்டி சொன்ன கதைகளில் எதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

* உங்கள் தெருவில் ஓலை முடையத் தெரிந்தவர் யார்? மாதம் ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார அவரைக் கூப்பிடலாமா?

* வரும் ஆகஸ்டு 6 அன்று ஒவ்வொரு குழுவிலும் பிள்ளைகளைச் சேர்த்து 28 கொக்கு மடிக்கத் தீர்மானம் போடலாமா?

தீர்மானம் போட்டால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். தாளும் அட்டையும் நாங்கள் கொண்டு வருகிறோம். கதை உங்களுடையது.