லாபம் இருக்கு, பணம் எங்க? மந்த காலத்துல ஊர்க்கடைய ஓட்டுற கணக்கு

இந்த எபிசோட்ல பங்குச்சந்தையும் இல்ல, கிரிப்டோவும் இல்ல. நம்ம ஊர்க்கடையப் பத்திப் பேசப் போறோம். இதக் கேக்குற நிறைய பேரு பெங்களூர்லயோ சென்னையிலயோ திருவனந்தபுரம் டெக்னோபார்க்லயோ வேலை பாத்துட்டு இருப்பீங்க. ஊர்ல அப்பாவோ மாமாவோ ஒரு கடை வச்சிருப்பாங்க. போன் பண்ணி "வியாபாரம் எப்டி இருக்கு?"ன்னு கேட்டா, "என்னமோ ஓடுது மக்கா"ன்னு பதில் வரும். அந்த "என்னமோ ஓடுது"வுக்குள்ள என்ன இருக்குன்னு இன்னைக்குப் பிரிச்சுப் பாப்போம்.

முதல் கேள்வி. லாபத்துல ஓடுற கடைய மூட வேண்டி வருமா? வரும். மந்த காலத்துல நிறைய சின்னக் கடைகள் அப்படித்தான் மூடுது. ஒரு குறிப்பிட்ட தேதியில குடுக்க வேண்டிய பணம் கையில இல்லாம போறதுதான் காரணம்.

ஒரு கடையின் கணக்கு

குலசேகரத்துல ஒரு ஹார்டுவேர்ஸ் கடை இருக்குன்னு வச்சுக்கோங்க. கற்பனைக் கடைதான். பெயிண்ட், பைப், கம்பி, ஆணி எல்லாம் விக்குது. மாச விற்பனை 6 லட்சம். சரக்கு வாங்கின விலை 4,80,000. வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் சேத்து 80,000. கணக்குப்படி மாச லாபம் 40,000. நல்ல கடை.

இப்போ ஒரு விவரம் சேப்போம். 6 லட்சத்துல பாதிதான் ரொக்கம். மீதி 3 லட்சம் பற்று நோட்டுல எழுதிக் குடுக்கிறது. வாங்குறவங்க ஒரு மாசத்துல தந்துருவாங்க. கம்பெனிக்காரங்களுக்கும் இவரு ஒரு மாசத்துல பணம் கட்டணும். போன மாசப் பற்று இந்த மாசம் வருது, வண்டி ஓடுது.

ஊர்ல பணப்புழக்கம் கொறையுது. விற்பனை அப்படியே 6 லட்சம்தான். ஆனா பற்று வாங்குனவங்க ஒரு மாசத்துக்குப் பதிலா ரெண்டு மாசம் எடுக்கிறாங்க. அவ்வளவுதான் மாற்றம். யாரும் ஏமாத்தல.

அந்த மாசம் கல்லாவுக்கு வர்றது ரொக்க விற்பனை 3 லட்சம் மட்டும். வெளிய போக வேண்டியது 4,80,000 கூட்டல் 80,000, ஆக 5,60,000. துண்டு விழுறது 2,60,000. ஆனா அதே மாசம் லாபக் கணக்கு என்ன சொல்லும்? "40,000 லாபம்"னு சொல்லும்.

ரெண்டு கணக்குமே சரிதான். லாபம் வியாபாரம் நடந்த நாளப் பாக்குது. கல்லா பணம் வந்த நாளப் பாக்குது. அந்த 3 லட்சம் எங்கயும் போகல, நோட்டுல பத்திரமா இருக்கு. ஆனா நோட்டக் காட்டி கம்பெனிக்காரருக்குச் செக் குடுக்க முடியாது. அதாக்கும் விஷயம்.

நம்ம மாவட்டத்துல இது எப்படி நடந்துச்சு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல. 2011 ஏப்ரல்ல ரப்பர் ஷீட் விலை கிலோ 240 ரூபாயத் தாண்டிச்சு. குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் வீடு எழும்புச்சு, பைக் வாங்குனாங்க, நகை வாங்குனாங்க. 2016 பிப்ரவரியில அதே ஷீட் கிலோ 100 ரூபாய்க்கும் கீழ வந்துச்சு. உலகச் சந்தையில தேவை கொறஞ்சதும் கச்சா எண்ணெய் விலை சரிஞ்சதும் சேர்ந்து, நம்ம ஊரு பால்வெட்டுக்காரர் கூலி வரைக்கும் வந்து அடிச்சுது. எண்ணெய் விலை எறங்குனா செயற்கை ரப்பர் மலிவாகும், அது இயற்கை ரப்பரையும் கீழ இழுக்கும்.

பாதிக்கப்பட்டது ரப்பர் வச்சிருந்தவங்க மட்டும் இல்ல. ஷீட் வித்து கைக்கு வர்ற பணம் பாதிக்கு மேல கொறஞ்சா, மொதல்ல தள்ளிப் போறது மளிகைக் கடைப் பற்று, அப்புறம் ஹார்டுவேர்ஸ் பற்று, துணிக்கடைப் பற்று. ரப்பர் மரமே இல்லாத கடைக்காரரும் ரப்பர் விலையச் சுமந்தாரு.

அது முழுசா மீளும் முன்ன 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பரும் வாழையும் சாய்ஞ்சுது. ரப்பர் திரும்ப நட்டா பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருசம் ஆகும். அப்புறம் 2020 மார்ச்ல ஊரடங்கு. கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்துல சங்கு, பாசிமாலை விக்கிற கடைகளுக்குக் கோடை விடுமுறையும் ஐயப்ப சீசனும்தான் அறுவடைக்காலம். அந்த வருசம் கோடை முழுசாப் போச்சு. ரப்பர் திரும்ப 240 ரூபாயப் பாத்தது 2024 ஆகஸ்ட்ல. பதிமூணு வருசம்.

"விலை ஏறும், அப்போ பாத்துக்கலாம்"ங்கிறது திட்டம் இல்லன்னு சொல்லத்தான் இவ்வளவும்.

தடைக்காலம் சொல்லித்தர்ற பாடம்

அதே மாவட்டத்துல, வருமானம் நிக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வாழ்ற ஒரு தொழில் இருக்கு. விசைப்படகு மீன்பிடி. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்குல வரும், அங்க தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரை, அங்க ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துல ரெண்டு காலண்டர், ரெண்டுமே 61 நாள்.

அந்த 61 நாள் கஷ்டமான நாள்தான். ஆனா தேதி தெரியும். படகு பழுது பாக்கிறது, வலை பின்னுறது, ஐஸ் ஃபேக்டரிக்காரர் செலவக் கொறைக்கிறது, எல்லாம் அந்தத் தேதிய வச்சு நடக்கும். மந்தநிலைங்கிறது தேதி அறிவிக்காத தடைக்காலம். நம்ம வேலை, அந்தத் தேதிய நாமளே கண்டுபிடிக்கிறது.

பதிமூணு வாரத் தாள்

அதுக்கு ஒரு தாள் போதும். எக்செல் தெரிஞ்சா எக்செல், இல்லேன்னா கோடு போட்ட நோட்டு. அடுத்த 13 வாரத்துக்கு 13 வரிசை. அது ஏறக்குறைய மூணு மாசம். அதுக்கு மேல எழுதுனா ஜோசியம்.

ஒவ்வொரு வரிசையிலயும் நாலு கட்டம். வாரத் தொடக்கத்துல கையில, பேங்க்ல இருக்கிற பணம். அந்த வாரம் உள்ள வரப்போறது. வெளிய போகப்போறது. கடைசியில மிச்சம். இந்த வார மிச்சம், அடுத்த வாரத் தொடக்கம்.

எழுதும்போது மூணு விதி.

ஒண்ணு, வரவு எழுதும்போது "தர்றேன்"னு சொன்ன தேதிய எழுதாதீங்க. அவரு போன மூணு தடவ உண்மையில எப்போ தந்தாரோ, அத வச்சு எழுதுங்க.

ரெண்டு, மாசா மாசம் வராத செலவயும் எழுதுங்க. இன்சூரன்ஸ், லைசென்ஸ் புதுப்பிக்கிறது, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி போனஸ். கடைசி நேரத்துல கழுத்தப் பிடிக்கிறது பெரும்பாலும் இதுதான்.

மூணு, ஜிஎஸ்டி பணத்த உங்க பணமா எண்ணாதீங்க. சாதாரண முறையில வரி கட்டுற கடைக்கு, பில் போட்ட மாசத்துக்கான சரக்கு வரி அடுத்த மாசம் 20-ஆம் தேதி கட்டணும். வாங்குனவர் உங்களுக்குப் பணம் தந்தாரா இல்லியான்னு அது பாக்காது. கடனுக்கு வித்தா, வராத பணத்துக்கு உங்க கையில இருந்து வரி கட்டுறீங்க. அதுக்கு ஒரு தனி அக்கவுண்ட் வைங்க.

எழுதி முடிச்சதும் பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மிச்சம் எந்த வாரம் முதல்முதல்ல மைனஸ் ஆகுது? நம்ம குலசேகரம் கடையில கையிருப்பு 1,50,000 இருந்துச்சுன்னா, 2,60,000 துண்டு விழுற மாசத்தோட கடைசியில மைனஸ் 1,10,000. நாலாவது வாரம். இத முதல் வாரமே தெரிஞ்சுக்கிட்டவருக்கு 28 நாள் இருக்கு. தெரியாதவருக்குச் செக் திரும்புற அன்னைக்குத்தான் தெரியும். ஒரே பிரச்சினை, ஒரே தொகை. ஆனா ஒருத்தர் பேரம் பேசலாம், இன்னொருத்தர் கெஞ்சத்தான் முடியும்.

அந்த 28 நாள்ல என்ன பண்ணலாம்

முதல்ல வர வேண்டியது. பற்று நோட்டத் தொகைவாரியா அடுக்குங்க. பெரிய தொகை பெரும்பாலும் ஏழெட்டுப் பேருகிட்டதான் இருக்கும். "மொத்தமாத் தாங்க"ன்னு கேட்டா சொந்தக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் முகம் சுளிப்பாங்க. "வெள்ளிக்கிழமை தோறும் ரெண்டாயிரம் தாங்க அண்ணாச்சி, புதுச் சரக்கு ரொக்கத்துக்கு எடுத்துக்கோங்க"ன்னு சொன்னா உறவும் நிக்கும், பணமும் வரும்.

நீங்க கடை இல்லாம சின்ன உற்பத்தியோ சேவையோ பண்றீங்க, பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்றீங்கன்னா சட்டம் உங்க பக்கம் இருக்கு. 2006-ஆம் வருச எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும். தாமதிச்சா, ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டியா. இதுக்கு உத்யம் பதிவு வேணும், அது இலவசம். புகார் குடுக்க 2017-ல சமாதான் இணையதளம் தொடங்குனாங்க. வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கும் 2021 ஜூலையில உத்யம் பதிவு திறந்தாங்க, ஆனா அது முன்னுரிமைக் கடன் சலுகைக்கு மட்டும்தான். இந்த 45 நாள் பாதுகாப்பு அவங்களுக்கு வராது.

அடுத்தது சரக்கு. அலமாரியில தூங்குற சரக்கு, தூங்குற ரூபாய். "ஒரு லட்சத்துக்கு எடுத்தா 5 சதவீதம் தள்ளுபடி"ன்னு சேல்ஸ்மேன் சொல்லுவாரு. 95,000 குடுத்து எடுக்கிறீங்க. அது விக்க ஆறு மாசம் ஆச்சுன்னா, மாசம் 1 சதவீத நகைக்கடன் வட்டியில 5,700 ரூபாய் போகும். மிச்சம் பிடிச்சது 5,000. மந்த காலத்துல கொஞ்சம் கூடுன விலைக்குக் கொஞ்சமா வாங்குறதுதான் மலிவு.

மூணாவது, குடுக்க வேண்டியது. கட்டடக்காரர், கம்பெனிக்காரர் ரெண்டு பேரையும் தேதிக்கு முன்ன போய்ப் பாருங்க. "பாதி இப்போ, பாதி ரெண்டு வாரம் கழிச்சு"ன்னு முன்கூட்டிச் சொல்றவருக்குச் சரக்கு நிக்காது. தேதி தாண்டி போன் எடுக்காதவருக்கு நிக்கும். கூடவே, வீட்டுக்கு மாசம் இவ்வளவுதான்னு முதலாளி தனக்கும் ஒரு சம்பளம் வைக்கணும். கல்லாவுல கை போட்டு எடுத்தா எந்தத் தாளும் தாங்காது.

கடன் வாங்குறது கடைசியில, ஆனா சீக்கிரமா

இத்தனையும் பண்ணியும் துண்டு விழுந்தா கடன். நாலாவது வாரம் மைனஸ்னா, முதல் வாரமே பேங்குக்குப் போங்க.

போகலேன்னா வாசல்ல தண்டல்காரர் நிப்பாரு. 10,000 ரூபாய்க் கடன், கைக்கு 9,000, தினம் 100 வீதம் 100 நாள். "ஆயிரம் ரூபாதான் வட்டி"ன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசலயும் திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்க, சராசரியா உங்க கையில இருந்தது 4,500 ரூபாய்தான். அதுக்கு 100 நாளைக்கு 1,000 வட்டி. வருசக் கணக்குல ஏறக்குறைய 80 சதவீதம்.

2020-ல இருந்து ரெண்டு விஷயம் கத்துக்கலாம். ரிசர்வ் பேங்க் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இஎம்ஐ தள்ளிப்போட அனுமதிச்சுது. ஆனா அந்த மாசங்களுக்கும் வட்டி ஓடிச்சு, அதனால தவணை தள்ளிப்போடுறது இலவசம் இல்ல. ரெண்டாவது, அரசு உத்தரவாதத்தோட வந்த அவசரக் கடன் திட்டத்துல, 2020 பிப்ரவரி 29 அன்னைக்கு நிலுவையில இருந்த கடன்ல 20 சதவீதம் வரை கூடுதலாத் தந்தாங்க. ஏற்கெனவே பேங்க்ல கடன் கணக்கு இல்லாத கடைக்கு, 20 சதவீதம் எடுக்க அடிப்படையே இல்ல. நல்ல காலத்துலயே பேங்க்ல ஒரு சின்ன ஓவர்டிராஃப்ட் எடுத்து ஒழுங்கா நடத்தி வைங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லணும். வர வேண்டிய பற்று ஒழுங்கா வருது, சரக்கு தேங்கல, அப்பவும் 13 வாரமும் மிச்சம் இறங்கிட்டே போகுதுன்னா, அது பணப்புழக்கப் பிரச்சினை இல்ல. கடைக்கு லாபமே இல்ல. அங்க கடன் வாங்கிப் போட்டா மூடுற தேதி தள்ளிப் போகும், மூடும்போது வீட்டுப் பத்திரமும் கூடப் போகும். கடை சின்னதாகணுமா, சரக்கு மாறணுமான்னு வீட்டுல உக்காந்து பேச வேண்டிய நேரம் அதுதான்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணும்போது "வியாபாரம் எப்டி?"ன்னு கேக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க: இன்னைக்குக் கையில எவ்வளவு இருக்கு? அடுத்த மாசம் யாருக்கு, எந்தத் தேதிக்குக் குடுக்கணும்? பற்று நோட்டுல பெரிய அஞ்சு பேரு யாரு? பதில வாங்கி நீங்களே அந்த 13 வரிசையப் போட்டு அனுப்புங்க. தினமும் அடுத்தவன் கம்பெனிக்கு எத்தனை ஷீட் போடுறோம், அப்பா கடைக்கு ஒண்ணு போட மாட்டோமா?

அடுத்த எபிசோட்ல பாப்போம். வரட்டா மக்களே.