கப்பற்பட்டியலிலிருந்து ஊர் வரை: நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் வேர்தேடலில் ஆவணங்களும் இடைவெளிகளும்

ஆய்வுச் சுருக்கம்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள், இன்று ஐந்தாம், ஆறாம் தலைமுறையில் தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். இத்தேடலுக்கு அடிப்படையாக அமைவது கப்பற்பட்டியல். அப்பட்டியலின் அமைப்பு, அதில் பெயரும் ஊரும் பதிவான முறை, பட்டப்பெயர்கள் குடும்பப்பெயர்களாக மாறியமை, தமிழக ஆவணங்களில் இதற்கு இணையான சான்று கிடைக்காமை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: நேட்டால், ஒப்பந்தக் கூலி, கப்பற்பட்டியல், குடியேற்ற எண், குடும்பப்பெயர், வட ஆற்காடு

முன்னுரை

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிய நேட்டால் குடியேற்ற அரசு செய்த ஏற்பாட்டின் முதற்பயணம் அது. இடையில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புதல் நின்றிருந்தது. 1911 ஜூலையில் இம்முறை முற்றிலும் நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்; எஞ்சியோர் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். சென்னை வழியாகச் சென்றோர் அனைவரும் தமிழர் அல்லர். கஞ்சம், விசாகப்பட்டினம் முதலான மாவட்டங்களைச் சேர்ந்த தெலுங்கரும் அவர்களுள் மிகுதி. இவ்வேறுபாட்டைக் கருதாமல் 'மதராசி' என்ற ஒரே பெயரால் எல்லோரையும் எண்ணியதால் விளைந்த பிழைகள் பிற்கால எழுத்துகளிலும் தொடர்கின்றன.

இப்பெயர்வு குறித்துச் சுரேந்திர பானா, ஜாய் பிரைன், அஷ்வின் தேசாய், கூலம் வாஹேத் ஆகியோர் விரிவாக எழுதியுள்ளனர். அவ்வாய்வுகள் பெரும்பாலும் மக்கள்தொகை, தொழில்நிலை, சட்டம், எதிர்ப்பு ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. ஒரு தனிக் குடும்பத்தைக் கடலுக்கு அப்பாலிருந்து இப்பால் வரை தொடர்வது வேறு வகையான வேலை. தொகையாகப் பார்க்கும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத ஓர் எழுத்துப்பிழை, குடும்பத்தைத் தேடுவோருக்கு வழியையே அடைத்துவிடும்.

கப்பற்பட்டியலின் அமைப்பு

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் காணப்படும் அடையாளம் ஆகியன அதன் முதன்மைக் கட்டங்கள். நேட்டாலில் யாரிடம் வேலைக்கு ஒப்படைக்கப்பட்டார் என்பதும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. இறப்பு, தாயகம் திரும்புதல் ஆகியன சில பதிவுகளின் ஓரத்தில் குறிக்கப்பட்டன. இப்பட்டியல்கள் டர்பனில் இருந்த இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் ஆவணங்களாக இருந்தவை. பின்னாளில் இவை கணினித் தரவாகப் பெயர்த்தெழுதப்பட்டமையால், இன்று ஓர் ஆய்வாளர் பெயரைக் கொண்டும் எண்ணைக் கொண்டும் தேட இயலும்.

இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்றோரைப் பற்றி இத்தகைய பதிவு கிடைப்பது அரிது. ஆயினும் அங்குச் சென்றோரின் வழியினர் தம் ஊரைப் பெரும்பாலும் அறிந்திருக்கின்றனர். இதற்குக் காரணம் கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலும் உறவிலுமிருந்து ஆட்களைத் திரட்டினார், சென்ற இடத்திலும் ஊரார் ஊராருடனேயே இருந்தனர், போக்குவரத்தும் நீடித்தது. நேட்டால் ஒப்பந்தம் தனியாள் ஒப்பந்தம். ஆவணம் நிறைய, நினைவு குறைவு என்னும் நிலை அதனால் நேட்டாலில் ஏற்பட்டது. மொரீசியசில் குடியேறியோர் பலரின் நிழற்படங்களும் எடுக்கப்பட்டு, இன்று அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நேட்டால் பட்டியலில் முகம் இல்லை. 'இடது முழங்காலில் தழும்பு' என்பது போன்ற குறிப்பு மட்டுமே உண்டு.

எண்ணும் பெயரும்

தேடலைத் தொடங்குவோர் இயல்பாகப் பெயரிலிருந்து தொடங்குகின்றனர். இது பெரும்பாலும் தவறான தொடக்கம். முனியன், மாரி, கோவிந்தன், சின்னம்மா, முனியம்மா போன்ற பெயர்கள் பட்டியலில் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயரை எழுதியவர் தாம் கேட்ட ஒலியை ஆங்கில எழுத்தில் தமக்குத் தோன்றியவாறு எழுதினார். ஒரே பெயர் கப்பற்பட்டியலில் ஒருவிதமாகவும், முதலாளியின் கணக்கில் வேறுவிதமாகவும், இறப்புப் பதிவில் மூன்றாம் விதமாகவும் அமைவது பெருவழக்கு. வெள்ளை முதலாளிகளோ தமிழ் ஆண்கள் பலரையும் 'சாமி' என்றே அழைத்தனர்.

மாறாதது குடியேற்ற எண் ஒன்றே. டுரூரோவில் வந்த முதலாமவர் தொடங்கி 1911இல் வந்த இறுதியாள் வரை, கல்கத்தாக் கப்பல்களையும் உள்ளடக்கி, எண் ஒரே வரிசையில் சென்றது. கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. மறு ஒப்பந்தம், விடுதலைச் சான்று, திருமணப் பதிவு, முறையீடு ஆகிய அனைத்திலும் அந்த எண் குறிக்கப்பட்டது. மனிதரை எண்ணாக்கிய முறை என்று இதைக் கண்டிப்பது நியாயமே. எனினும், அக்குடும்பங்களை இன்று இணைத்துக் காட்டும் ஒரே கயிறாகவும் அதுவே எஞ்சியிருக்கிறது. ஆகவே தேடல் பின்னிருந்து முன்செல்ல வேண்டும்: இப்போதுள்ளோரின் பிறப்புச் சான்றிலிருந்து பெற்றோரின் திருமணப் பதிவுக்கும், அதிலிருந்து பாட்டன் பாட்டியின் இறப்புப் பதிவுக்கும், அதில் குறிக்கப்பட்ட எண்ணுக்கும், எண்ணிலிருந்து கப்பலுக்கும் செல்வதே உறுதியான வழி.

எண்ணைக் கண்டபின் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதும் போதாது. ஒரு குடும்பத்தினர்க்கு அடுத்தடுத்த எண்கள் தரப்பட்டன. ஒரே ஊரிலோ ஒரே வட்டத்திலோ சேர்க்கப்பட்டோரும் அருகருகே பதியப்பட வாய்ப்புண்டு. எனவே மேலும் கீழும் இருபது வரிகளையேனும் படித்தல் வேண்டும். தனியாளாகக் கருதப்பட்ட ஒருவரின் தம்பியோ, மைத்துனரோ, ஊராரோ அவ்வரிகளில் இருக்கக்கூடும்.

குடும்பப்பெயராக மாறிய பட்டப்பெயர்

இன்று தென்னாப்பிரிக்காவில் நாயுடு, பிள்ளை, முதலி, படையாட்சி, செட்டி, ரெட்டி, கவுண்டர் என்பவற்றின் திரிந்த வடிவங்கள் குடும்பப்பெயர்களாக வழங்குகின்றன. கவுண்டர் என்பது 'கோவெண்டர்' என்றும், முதலி என்பது 'மூட்லி' என்றும் ஒலிக்கப்படுகின்றன. இப்பெயர்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் சாதியையும் அதன்வழி ஊரையும் ஊகிப்பது தமிழகத்திலிருந்து நோக்குவோர்க்கு எளிதாகத் தோன்றும். பட்டியலோடு ஒப்பிடும்போது இவ்வூகம் அடிக்கடி பொய்க்கின்றது.

தமிழரிடையே தந்தையின் பெயரை முன்னொட்டாகக் கொள்ளும் வழக்கமே இருந்தது. தலைமுறை கடந்து நிற்கும் குடும்பப்பெயர் அவர்களுக்கு அன்னியம். நேட்டால் நிர்வாகமோ ஒரு குடும்பப்பெயரைக் கேட்டது. முனியன் என்பவர் 1885இல் இறங்கினார் எனக் கொள்வோம். அவர் மகன் கோவிந்தன், 'கோவிந்தன் முனியன்' எனப் பதியப்படுகிறார். கோவிந்தனின் மூத்த மகன் 'முனியன்' என்பதைத் தன் குடும்பப்பெயராகக் கொள்ள, இளையவர் தந்தை பெயராகிய 'கோவிந்தன்' என்பதைக் கொள்கிறார். மூன்றாமவர், ஒப்பந்தம் முடிந்த பின் சந்தைத் தோட்டம் வைத்து ஓரளவு நிலைபெற்ற காலத்தில், சமூக மதிப்புள்ள ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர்க்கும் மூன்று குடும்பப்பெயர்கள்! இரண்டு தலைமுறைக்குப் பின் அவர்தம் பேரப்பிள்ளைகள் தமக்குள் உறவு உண்டென்பதையே அறியார்.

பட்டம் சேர்த்துக்கொண்டதைப் பொய்யுரை என்று எள்ளுவதற்கு இடமில்லை. பட்டியலில் இழிவான சொல்லால் குறிக்கப்பட்டவர்கள், அதைப் படித்துக் காட்ட ஊரில் எவரும் இல்லாத ஒரு நாட்டில், தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டனர். அதேவேளை, பட்டியலின் சாதிக் கட்டத்தையும் முற்றுமுடிவாகக் கொள்ளல் ஆகாது. அங்கே எழுதப்பட்டது, கூறியவர் கூற எண்ணியதும் எழுத்தர் புரிந்துகொண்டதும் கலந்த ஒன்று. அக்கால ஆங்கில வழக்கில் 'மலபார்' என்பது தமிழரையும் 'ஜென்டூ' என்பது தெலுங்கரையும் குறித்தன என்பதை அறியாதவர், முன்னோர் கேரளத்தார் என்ற முடிவுக்கு வந்துவிடுவதுண்டு.

பெண்வழி

பெண்களைத் தேடுவது இதனினும் கடினம். வழக்கப்படி நடந்த திருமணங்களைக் குடியேற்ற அரசு தானாக ஏற்கவில்லை. 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அவற்றைப் பாதுகாவலரிடம் பதியுமாறு கோரியது. பதியாத குடும்பங்களில் பிள்ளைகளின் தந்தை பெயர் ஆவணத்தில் விடுபட்டிருக்கும். சென்னைக் கிடங்கில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் கணவன் மனைவியாக இணைந்தவர்களும் உண்டு. அவர்களின் ஊர்கள் வெவ்வேறாக இருக்கும்.

இப்பெண்வழி இன்று நடைமுறை முக்கியத்துவம் பெற்றுள்ளது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையைப் பெறும் உரிமை, பொதுவாகக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரையே செல்கிறது. தந்தைவழி முன்னோர் 1860களில் சென்றிருப்பின், இன்றைய இளந்தலைமுறை அவ்வரம்பைக் கடந்துவிடும். தாய்வழிப் பாட்டியின் பெற்றோர் 1905இல் சென்றிருப்பின், அதே பிள்ளைகள் வரம்புக்குள் வரக்கூடும். குடும்பப்பெயரை மட்டும் பின்தொடர்வோர், ஆவணம் தெளிவாக உள்ள அண்மைக்கால வழியைக் கைவிட்டு, மங்கிய பழைய வழியில் அலைகின்றனர்.

ஊரின் பெயர்

பட்டியலில் ஊர் கிடைத்த பின்னும் தேடல் முடிவதில்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டப் பெயர்கள் அடையாளம் காணத்தக்கவை. ஊர்ப்பெயர்களோ ஒலிச்சிதைவுக்கு உள்ளானவை. 'பாக்கம்', 'பட்டு', 'குப்பம்', 'நல்லூர்' என்னும் ஈறுகள் மட்டும் தெளிவாக இருக்க, முற்பகுதி உருத்தெரியாமல் போயிருக்கும். ஒரே பெயரில் ஒரு மாவட்டத்திலேயே பல ஊர்கள் உள்ளமையும் தெரிந்ததே.

மாவட்ட எல்லைகளின் மாற்றம் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் வடபகுதி பிரிந்தது. அவ்வாண்டிலேயே தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும், சேலத்திலிருந்து திருப்பத்தூரும் வட ஆற்காட்டில் சேர்க்கப்பட்டன. நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றதும் அதே ஆண்டில் என்பதால், பட்டியலில் உள்ள மாவட்டப் பெயர்கள் பழைய எல்லைக்கே உரியவை. அதில் 'தென் ஆற்காடு, திருவண்ணாமலை' என்றிருப்பது பிழையன்று. அதைக் கொண்டு இன்றைய கடலூர் மாவட்டத்தில் தேடுவதே பிழை. வட ஆற்காடு எனக் குறிக்கப்பட்ட ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கலாம். 1960இல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1989, 1993, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆற்காட்டு மாவட்டங்கள் மேலும் பிரிக்கப்பட்டன. முதலில் வட்டத்தை அக்கால நிலப்படத்தில் உறுதிசெய்து, அதன்பின் ஊரைத் தேடுவதே முறை.

ஊரின் பெயர் நினைவில் நிற்பதற்கும் ஆவணத்துக்கும் எப்போதும் தொடர்பு இருப்பதில்லை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து 1914இல் இறந்த வள்ளியம்மை, தமிழகத்தில் 'தில்லையாடி' என்ற அடைமொழியுடனேயே அறியப்படுகிறார். ஒப்பந்தமின்றித் தம் செலவில் சென்ற அத்தகைய வணிகக் குடும்பங்கள் கப்பற்பட்டியலில் இடம்பெறா என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும்.

அறுபட்ட தொடர்பு

ஒப்பந்தம் முடித்தோர் பலர் திரும்பி வரவே எண்ணியிருந்தனர். 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம், அதன்பின் ஒப்பந்தமாகி வந்து காலம் முடிந்தும் தங்குவோர்க்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. 1903இல் பதினாறு வயது ஆண்களுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. 1914இல் வரி நீங்கியது. அதற்குள் பலர் மறு ஒப்பந்தத்துக்கோ திரும்பிச் செல்லவோ தள்ளப்பட்டிருந்தனர். 1927ஆம் ஆண்டின் கேப் டவுன் உடன்பாட்டின்படி உதவித்தொகை பெற்றுத் திரும்பியோரின் துயரநிலையைப் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931இல் அறிக்கையாக வெளியிட்டனர். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவைத் துண்டித்தது. தூதரக உறவு 1993இல்தான் மீண்டது. ஊரில் பெயர் சொல்லக் கூடிய முதியோர் மறைந்தது இந்த இடைக்காலத்தில். அங்கேயும் 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் குடியமர்த்தப்பட்டோர், பெட்டியில் வைத்திருந்த தாள்களையும் அயலாரின் நினைவையும் இழந்தனர்.

தமிழகத் தரப்பின் மௌனம்

ஊரை உறுதிசெய்து வந்து சேர்வோர் கேட்கும் முதற்கேள்வி, 'எங்கள் பெயர் இங்கே எதில் இருக்கிறது?' என்பது. நிலவரித் திட்டப் பதிவேடுகள் பட்டாதாரரைக் குறிக்கும். நிலமற்ற பண்ணையாளைக் குறிக்கா. கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடு துணைசெய்யும். பிறர்க்கு எஞ்சுவது குலதெய்வமும் வழிபாடும். நேட்டாலில் இன்றும் நிகழும் திரௌபதியம்மன் தீமிதியைச் செஞ்சி, ஆற்காட்டுப் பகுதிகளோடு இணைத்துப் பார்ப்பது பொருத்தமே. ஆயினும் அது வட்டாரத்தைச் சுட்டும் சான்று. ஒரு வீட்டைக் காட்டாது.

இந்நிலையில் கப்பற்பட்டியலை மறுதிசையிலும் பயன்படுத்த வழியுண்டு. இதுவரை அது அங்குள்ளோர் இங்குள்ள ஊரைத் தேடும் கருவியாகவே கருதப்பட்டது. ஒரு வட்டத்துக்குரிய பதிவுகளை எண்ணின்படி அன்றி ஊரின்படி தொகுத்தால், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வயதினர், எவரோடு சென்றனர் என்பது தெரியவரும். 1876–78 பஞ்சத்தையொட்டிய ஆண்டுகளில் ஓர் ஊர் எந்த அளவு ஆளிழந்தது என்பதையும் அதிலிருந்து கணிக்கலாம். நில ஆவணங்களில் ஒரு வரியும் பெறாத ஒருவரின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், முழங்கால் தழும்பும் கடல் கடந்த ஓர் அலுவலகத்தின் பேரேட்டில் உள்ளன. தமிழகச் சிற்றூர் வரலாறு எழுதுவோர் அப்பேரேட்டைத் தம் மூலங்களுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.